ஆறாம் பெட்டி

கம்ப்யூட்டர் லேப் பூட்டிக் கிடக்கிறது.
சாவி கடைசியாக யாரிடம் போனது என்பதில்
மூன்று பேருக்கு மூன்று ஞாபகம்.
சரி, அதுவே பாடம் என்று வைத்துக்கொண்டேன்.

கன்னங்குறிச்சி. பதினொன்றாம் வகுப்பு. ஏழாம் பீரியட்.
ஜன்னலில் சேர்வராயன் மலை, பாதிக்கு மேல் மேகம்.
ஒன்பது பெஞ்சு, ஒன்பது நோட்டு,
யார் யார் வீட்டு லூடோ டப்பாவிலிருந்தோ
பெஞ்சுக்கு இரண்டு பகடை.

பிளாக்செயின் என்று போர்டில் எழுதினேன்.
"சைக்கிள் செயின் மாதிரியா மிஸ்?"
இல்லை என்று சொல்ல வாயெடுத்து
ஏறக்குறைய என்றேன்.

விதி இதுதான்:
நடந்ததை ஒரு பெட்டிக்குள் எழுது.
எழுத்துகளை எண்ணு. தொகையைக் கூட்டு.
முந்தின பெட்டியின் முத்திரை எண்ணையும் கூட்டு.
கடைசி இலக்கம் பூஜ்யமாகும்வரை பகடை உருட்டு.
முதலில் பூஜ்யம் கண்ட பெஞ்சு கத்தலாம்.
மற்ற எட்டும் கூட்டிப் பார்த்து
சரியென்றால்தான் பேனா எடுக்கும்.

காசுக்குப் பதில் தட்டுவடை செட்.
மூன்றாம் பெட்டி:
'மாதேஷ் நஸீராவுக்குத் தந்த தட்டுவடை செட்', இரண்டு.
இருபது எழுத்து, இரண்டு செட், பழைய முத்திரை தொண்ணூறு,
பகடையில் எட்டு விழுந்தது.
நூற்றிருபது!
பக்கத்து வகுப்பு சார் வந்து
சத்தம் ஏன் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்தாம் பெட்டி முடிந்த இடைவெளியில்
மாதேஷ் தன் நோட்டில் இரண்டுக்கு முன்னால்
ஓர் ஒன்று போட்டான். பன்னிரண்டு.
கூட்டினால் நூற்றுமுப்பது,
பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.
அவன் முகத்தில் வந்த வெளிச்சத்தை
அணைக்க எனக்கு மனம் வரவில்லை.
பச்சியம்மாளுக்கு வந்தது.
நான்காம் பெட்டியின் தலையில் விரல் வைத்தாள்:
"இங்க நூத்திருபதுன்னுல்ல இருக்கு?"
அதை மாற்றினால் ஐந்தாவது இடித்தது.
ஐந்தையும் மாற்றலாம் என்று உட்கார்ந்தவனைச் சுற்றி
எட்டு நோட்டுகள் திறந்தபடி வந்து நின்றன.
"பத்து செட்டுக்கு இவ்வளவு உழைக்கறதுக்கு
கடையே போட்டிரலாம்" என்று பேனாவை மூடினான்.

அருள்தாஸ் கேட்டான்:
எழுதும்போதே பொய்யை எழுதினால்?
எல்லாரும் ஒப்புக்கொண்டால்?
பொய்யும் அழியாது என்றேன்.
அதற்குமேல் என்னிடம் பதில் இல்லை,
போர்டைத் துடைத்தேன்.

திரும்பியபோது பகடைகள் உருண்டுகொண்டிருந்தன.
யாரும் கத்தவில்லை.
ஒன்பது பேனாக்கள் ஒரே நேரத்தில்.

ஆறாம் பெட்டி:
'மிஸ்ஸுக்குக் கழகம் தர வேண்டிய சம்பளம்', மூன்று மாதம்.

பெற்றோர் ஆசிரியர் கழக அறைக்கு வெளியே
செவ்வாய்க்கிழமை நான் நின்றதை
எந்தப் பெஞ்சு பார்த்தது?
நாளை சி.இ.ஓ. விசிட்,
நோட்டுகளை மேஜையில் அடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
"அடிச்சிடுங்கப்பா அதை."
"அடிக்க முடியாது மிஸ். நீங்கதானே சொன்னீங்க."
நஸீரா தலை நிமிரவில்லை, கூட்டிக்கொண்டே சொன்னாள்:
"வந்ததும் வேற பெட்டியில வந்துச்சுன்னு எழுதிக்கலாம்."
"யார் எழுதுறது?"
"வாங்கினவங்கதான்."

ஏழாம் பெட்டி எனக்காகக் காத்திருக்கவில்லை.
பச்சியம்மாள் அருள்தாஸுக்கு ஒரு செட் தந்தாள்.
எட்டில் மாதேஷ், அவனை நம்பாமல்
மூன்று பெஞ்சு மறுபடி எண்ணியது.
மணி அடித்தது. பகடைகளில் ஒன்று குறைந்தது,
பீரோவுக்கு அடியில் தேடினோம், இல்லை.

ஒன்பது நோட்டையும் மார்போடு அணைத்து
ஸ்டாஃப் ரூமுக்கு நடக்கிறேன்.
ஏழின் முத்திரையில், எட்டின் முத்திரையில்,
தட்டுவடைக் கணக்குக்கு அடியில் எங்கேயோ
அந்த மூன்று
கூட்டப்பட்டுக் கிடக்கிறது.